குடியை விட நினைக்கும் பளியர் எங்கே போவார்? கடமலைக்குண்டு மலையடிவாரத்திலிருந்து ஓர் அலசல்

வருசநாட்டு மலையடிவாரத்தில் ஒரு பளியர் குடியிருப்பு. அங்கே ஒருவர் 'போதும், இனி தொடமாட்டேன்' என்று முடிவெடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பல வருடமாகத் தினமும் குடித்தவர். மறுநாள் காலையில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. இரண்டாம் நாள், மூன்றாம் நாளில் வலிப்பு வரலாம், இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரியலாம். அந்த நேரத்தில் மருந்து இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

சரி, எங்கே போவார்? மலையிலிருந்து இறங்கி, கடமலைக்குண்டுக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி கானாவிலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். மனநலப் பிரிவில் சேர்த்துக்கொண்டால் குறைந்தது பத்து நாளாவது தங்கச் சொல்வார்கள். அத்தனை நாளும் கூலி கிடையாது. துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும், அவருக்கும் கூலி கிடையாது. தேன் சீசனோ இலவங்காய் பறிப்போ நடந்துகொண்டிருந்தால் வருடத்தின் முக்கியமான வருமானமே போய்விடும். இத்தனையும் தாண்டிப் போனால், தன் பேச்சையும் வாழ்க்கையையும் தெரிந்த ஒருவர்கூட அந்த வார்டில் இருக்கப் போவதில்லை.

இது பளியர்களின் பிரச்சினை மட்டும் இல்லை. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019-ல் வெளியானது. மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்றது அது. உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். இதில் சென்னை, மதுரைக்காரர்களும் சேர்த்தி. மலையில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

கனடா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் பழங்குடி மக்களின் போதை மீட்பு பற்றிப் பல பத்தாண்டுகளாக ஒரு விவாதம் நடக்கிறது. மருந்தும் ஆலோசனையும் அந்தச் சமூகத்தின் மொழி, உறவுமுறை, சாமி, நிலம், தொழில் எல்லாவற்றோடும் சேர்ந்து வர வேண்டும். இல்லையென்றால் வேலை செய்யாது என்பதுதான் அதன் சாரம். கேட்க நன்றாக இருக்கிறது. நம்ம ஊரில் இதற்கு என்ன அர்த்தம்?

'மலைசாதின்னாலே குடிப்பாங்க' - உண்மையா?

முதலில் இந்த ஒரு வசனத்தை ஓரங்கட்டிவிடலாம். டவுனில் சர்வசாதாரணமாகச் சொல்லப்படுகிற இது பளியர்கள் விஷயத்தில் தலைகீழ்.

பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1960-களின் தொடக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் பளியர்களுடன் தங்கி ஆய்வு செய்தார். பிறகும் திரும்பி வந்தார். அவர் எழுதியவற்றில் திரும்பத் திரும்ப வருகிற விஷயம், இந்த மக்கள் சண்டையைத் தவிர்க்க எடுத்துக்கொள்ளும் அக்கறை. ஒருவர் இன்னொருவரை அதட்டுவதில்லை, கட்டளை இடுவதில்லை. பெரியவர், சிறியவர், ஆண், பெண் எல்லோருக்கும் அவரவர் விருப்பப்படி நடக்கும் உரிமை உண்டு. கோபம் வந்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவது வழக்கம். இரண்டு பேருக்கு நடுவில் உரசல் என்றால் மூன்றாவது ஒருவர் சிரிக்கவைத்தோ சமாதானமாகப் பேசியோ சூட்டைத் தணிப்பார். சாமியாடி மேல் சாமி இறங்கிச் சொல்லும் வார்த்தைக்கும் அங்கே இடம் உண்டு. இந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருக்கிறது: சண்டைக்கு வழி வைக்கும் என்பதால் மதுவைத் தவிர்ப்பது.

அதாவது சாராயமும் டாஸ்மாக் சரக்கும் இந்தச் சமூகத்துக்குள் பின்னால் வந்தவை. காட்டுக்குள் சுற்றி, கிழங்கு தோண்டி, தேன் எடுத்து வாழ்ந்தவர்கள் அடிவாரத்தில் குடியமர்த்தப்பட்டு, தோட்டத்துக் கூலிக்குப் போக ஆரம்பித்து, கையில் சில்லறையாகக் காசு வந்த பிறகு வந்தவை. காட்டோடு இருந்த தொடர்பும் இதற்கிடையில் சுருங்கிக்கொண்டே போனது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது வருசநாட்டு மலையும் அதற்குள் வந்தது. காட்டுக்குள் யார், எப்போது, எதற்காகப் போகலாம் என்பது இன்னும் கவனமாகக் கண்காணிக்கப்படும் விஷயமாக ஆனது.

வருசநாடு என்றால் கஞ்சா என்று இன்னொரு முத்திரையும் உண்டு. ஒரு காலத்தில் இந்த மலைகளில் கஞ்சா பயிரிட்டவர்களும் அதில் பணம் பார்த்தவர்களும் பெரும்பாலும் கீழிருந்து போனவர்கள். கெட்ட பெயர் மட்டும் மலையில் இருந்தவர்களுக்கும் சேர்த்து வந்தது.

இது ஏன் முக்கியம் என்றால், இந்தியாவில் பழங்குடிகளும் மதுவும் பற்றிப் பேசும்போது எல்லோரையும் ஒரே கூடையில் போடுவார்கள். ஜார்க்கண்ட், சத்தீஸ்கரில் இலுப்பைப்பூ சாராயமும் அரிசிக் கள்ளும் சடங்கின் பகுதி. கல்யாணம், சாவு, திருவிழா எதுவும் அது இல்லாமல் நடக்காது. அங்கே 'குடிக்கவே கூடாது' என்று ஆரம்பிக்கிற ஆலோசகர் முதல் நாளே தோற்றுவிடுவார். பளியர்களிடம் நிலைமை வேறு. குடிக்காமல் இருப்பதுதான் இங்கே மரபின் பக்கம் நிற்கிறது. சிகிச்சை தருபவருக்கு இதைவிடப் பெரிய பிடிமானம் கிடைக்காது. ஆனால் அது தெரிந்தால்தானே பயன்படுத்த?

வார்டில் என்ன பிசகுகிறது?

போதை மீட்பு மையங்களின் வழக்கமான முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் சில நாள் மருந்து கொடுத்து உடம்பிலிருந்து மதுவை இறக்குவார்கள். பிறகு தனி ஆலோசனை, குழு ஆலோசனை. வட்டமாக உட்கார்ந்து, 'நான் ஒரு குடிநோயாளி' என்று ஒப்புக்கொண்டு, குடியால் யாரையெல்லாம் காயப்படுத்தினோம் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். 1935-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் செல்வாக்கு இதில் நிறைய. அந்த முறை உலகம் முழுக்கப் பலரைக் காப்பாற்றியிருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் கார்ட்னரின் பதிவை வைத்துப் பாருங்கள். அதட்டலைக் கேட்டால் எழுந்து போய்விடுவதை நாகரிகமாக நினைத்து வளர்ந்த ஒருவரை, முகத்துக்கு நேராகக் கேள்வி கேட்கும் குழுவில் உட்காரவைத்தால் என்ன செய்வார்? எழுந்து போய்விடுவார். கேஸ் ஷீட்டில் 'ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதப்படும். அடுத்த முறை அவர் பெயர் வந்தாலே 'இவங்க எல்லாம் இருக்கமாட்டாங்க சார்' என்பார்கள்.

இதே இடத்தில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். அறுபது வருடத்துக்கு முன் எழுதப்பட்டதை அப்படியே இன்றைக்குப் பொருத்த முடியாது. இன்றைய பளிய இளைஞர் கையில் போன் இருக்கிறது, அவர் யூடியூப் பார்க்கிறார், வேலைக்காகத் திருப்பூர் வரைக்கும்கூடப் போகலாம். அவருக்கு எது சரிப்படும் என்பதை ஒரு வெளிநாட்டுப் புத்தகமும் சொல்லாது, இந்தக் கட்டுரையும் சொல்லாது. அவரையும் அவருடைய பெரியவர்களையும்தான் கேட்க வேண்டும்.

நம்மகிட்டயே ஒரு உதாரணம் இருக்கு

'பண்பாட்டோடு சேர்ந்த சிகிச்சை' என்றதும் ஏதோ கனடாவிலிருந்து இறக்குமதியான ஐடியா மாதிரித் தோன்றலாம். கார்த்திகை மாதம் தேனி - கம்பம் - குமுளி சாலையில் நின்று பாருங்கள். மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். அவர்களில் தினமும் குடிக்கிற ஆட்களும் உண்டு என்பது ஊருக்கே தெரியும். ஆனால் மாலை போட்ட அந்த ஒரு மண்டலம் தொடமாட்டார்கள்.

எப்படி முடிகிறது? மாலை போட்ட நிமிடத்திலிருந்து வீட்டிலும் தெருவிலும் அவர் 'சாமி'. நேற்று வரை கூட உட்கார்ந்து குடித்த நண்பன் இன்று ஊற்றிக் கொடுக்கமாட்டான். சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாவற்றுக்கும் ஒழுங்கு வந்துவிடுகிறது. மாலையில் வெறுமனே உட்காரும் நேரத்தில் பஜனை இருக்கிறது. குருசாமி என்று ஒருவர் கண்காணிக்கிறார். ஒரு நல்ல மீட்பு மையம் செய்ய நினைக்கிற அத்தனையும் இதில் இருக்கிறது, பீஸ் இல்லாமல்.

மாலை கழற்றிய அன்றே பாட்டிலைத் திறப்பவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். ஏனென்றால் அந்த விரதத்துக்கு முடிவு தேதி உண்டு, அதற்குப் பிறகு கூட நிற்க யாரும் இல்லை. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கோயிலில் கயிறு கட்டியோ சத்தியம் செய்தோ குடியைச் சட்டென்று நிறுத்தும் பழக்கம் தமிழ்நாடு முழுக்க உண்டு. அளவுக்கு மீறிக் குடித்து வந்த உடம்பு அப்படி நிறுத்துவதைத் தாங்காமல் வலிப்புக்குப் போகலாம். 'சாமி குத்தம்' என்று வீட்டில் வைத்துக்கொண்டிருந்தால் ஆள் போய்விடுவார். கயிறு கட்டும் இடத்திலிருந்து ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு ஒரு பாதை இருந்தால் கதையே வேறு.

கட்சிரோலியில் என்ன நடந்தது?

அந்தப் பாதையை நிஜமாகவே போட்டவர்கள் மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் இருக்கிறார்கள். டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதி 1980-களின் நடுவில் தொடங்கிய 'சர்ச்' அமைப்பு, கோண்டு பழங்குடிகள் அதிகம் வாழும் அந்த மாவட்டத்தில் வேலை செய்கிறது. அவர்கள் மருத்துவமனை கட்டுவதற்கு முன் மக்களிடமே கேட்டார்கள், எப்படி இருக்க வேண்டும் என்று. பெரிய கட்டடம் பயமாக இருக்கிறது, சொந்தக்காரர்கள் கூடத் தங்க முடியாது, அங்கே எங்கள் சாமி இல்லை என்று பதில் வந்தது. எனவே குடிசைகள் கொண்ட ஒரு கிராமம் மாதிரியே மருத்துவமனை எழுந்தது. அதன் பெயரே தந்தேஸ்வரி தாய் மருத்துவமனை. தந்தேஸ்வரி அந்த மக்களின் குலசாமி.

மது விஷயத்திலும் தொடக்கம் மக்களிடமிருந்துதான், குறிப்பாகப் பெண்களிடமிருந்து. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 1993-ல் கட்சிரோலியில் மதுவிலக்கு வந்தது. சட்டம் வந்ததால் குடி நின்றுவிடவில்லை. கள்ளத்தனமாக ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதனால் 2016-ல் 'முக்திபத்' என்ற திட்டத்தை மாநில அரசு, டாடா அறக்கட்டளைகள், சர்ச் மூன்றும் சேர்ந்து தொடங்கின. ஊரே கூடி முடிவெடுப்பது, கள்ள விற்பனையை ஊரே நிறுத்துவது, கிராமத்துக்கே வந்து சிகிச்சை முகாம் போடுவது, தாலுகா அளவில் கிளினிக் என்று பல முனையில் ஒரே நேரத்தில் வேலை. குடிப்பவரை ஊரிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்து திரும்ப அதே ஊரில் போடுவதற்குப் பதில், ஊரையும் சேர்த்துக் கணக்கில் எடுத்தார்கள்.

முகாம் முறை தமிழ்நாட்டுக்கும் புதிது இல்லை. சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, அந்தப் பத்தாண்டின் இறுதியிலேயே கிராமங்களில் முகாம் போட்டுச் சிகிச்சை தர ஆரம்பித்துவிட்டது. திருவாரூர் பக்கம் மஞ்சக்குடியில் நடந்த முகாம்கள் இந்தத் துறையில் பலருக்கும் தெரிந்தவை. ஊர்க்காரர்களே இடம் கொடுத்து, சாப்பாடு போட்டு, திரும்பக் குடிக்காமல் பார்த்துக்கொள்வது அந்த முறையின் அடிப்படை.

வெளிநாட்டில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆல்கலி லேக் என்ற சிறிய பழங்குடிக் குடியிருப்பு. ஏறக்குறைய எல்லோரும் குடித்துக்கொண்டிருந்த ஊர். 1972-ல் பிலிஸ் செல்சி என்ற பெண் குடியை நிறுத்தினார். அவருடைய சின்ன மகள், குடிக்கிற அம்மா அப்பாவோடு வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொன்னதுதான் காரணம். கணவர் ஆண்டியும் நிறுத்தினார், பிறகு ஊர்த்தலைவர் ஆனார். கள்ளத்தனமாக மது விற்றவர்களை நிறுத்தினார்கள். உதவித்தொகையைக் காசாகக் கொடுக்காமல் பொருள் வாங்கும் சீட்டாக மாற்றினார்கள். கைவிட்டுப்போன சடங்குகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1980-களின் நடுவில் ஊரில் பெரும்பாலானோர் குடிக்காதவர்களாக இருந்தார்கள். முதல் ஆளுக்கும் ஊருக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நம்ம திட்டங்களுக்கு மூன்று வருடம்தான் ஆயுள்.

யார் பேசுவது?

என்னைக் கேட்டால், கட்டடம், சடங்கு எல்லாவற்றையும்விட இதுதான் முதல் கேள்வி. குடிப்பவரிடம் உட்கார்ந்து பேசப் போவது யார்?

கோவாவில் 'சங்கத்' அமைப்பு நடத்திய ஆய்வு 2017-ல் லான்செட் இதழில் வெளியானது. டாக்டர்கள் இல்லை, மனநல நிபுணர்கள் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர் ஆட்கள் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து அதிகபட்சம் நான்கு முறை பேசினார்கள். ஆபத்தான அளவில் குடித்துவந்த 377 ஆண்கள் பங்கேற்றார்கள். மூன்று மாதம் கழித்து, ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் அந்த ஆபத்தான அளவிலிருந்து இறங்கியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 26 சதவீதம். பிரமாண்ட வித்தியாசம் இல்லைதான். ஆனால் ஒரு ஊர்க்காரர் பேசினாலே மாற்றம் வரும் என்பதற்கு இது ஆதாரம். முற்றிலும் அடிமையாகிவிட்டவர்களுக்கு இது போதாது, அவர்களுக்கு மருத்துவமனை வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஊர்க்காரரையே ஆரோக்கியப் பணியாளர் ஆக்குவது தமிழ்நாட்டு மலைகளில் ஏற்கெனவே நடந்த கதை. கூடலூரில் 'அஸ்வினி' அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை 1990-லிருந்து இயங்குகிறது. அங்கே நர்ஸ்களும் கிராமப் பணியாளர்களும் பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் போன்ற அதே சமூகங்களிலிருந்து வந்தவர்கள். தர்மபுரி சிட்லிங்கியில் டாக்டர் ரெஜி, டாக்டர் லலிதா தம்பதி 1993-ல் தொடங்கிய மருத்துவமனையும் மலைவாசிப் பெண்களைப் பயிற்றுவித்தே பிள்ளைப்பேறு மரணங்களைக் குறைத்தது. பிரசவத்துக்கு வேலை செய்த முறையைக் குடிக்கும் முயன்று பார்க்கலாம்தானே.

சட்டம் எங்கே இடிக்கிறது?

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. பழங்குடிப் பகுதிகளில் வணிக மது விற்பனை கூடாது, மரபான மதுவைச் சொந்தத் தேவைக்குக் காய்ச்சிக்கொள்ள அனுமதிக்கலாம் என்று 1970-களின் நடுவிலேயே மத்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்தது. 1996-ல் வந்த 'பெசா' சட்டம் இன்னும் மேலே போய், மதுவைத் தடைசெய்யவும் கட்டுப்படுத்தவும் கிராம சபைக்கே அதிகாரம் தரச் சொன்னது. ஆனால் பெசா, அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பகுதிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 8 லட்சம் பழங்குடி மக்கள் இருந்தும் இல்லை.

விளைவு என்ன? கட்சிரோலியின் கோண்டு கிராமம் சட்டத்தைக் காட்டிப் பேச முடியும். வருசநாட்டுப் பளியர் குடியிருப்பு, பெரிய ஊராட்சி ஒன்றின் ஓரத்தில் சில வீடுகள். கிராம சபையில் அவர்கள் குரல் கூட்டத்தில் கரைந்துவிடும். சபையே மதுக்கடைக்கு எதிராகத் தீர்மானம் போட்டாலும் பெசா தருவது போன்ற தெளிவான சட்டபலம் அதற்குக் கிடையாது. எதிர்ப்பக்கத்தில் இருப்பது 2024-25-ல் மட்டும் 48,344 கோடி ரூபாய் வருமானம் கொடுத்த டாஸ்மாக். சிகிச்சையும் விற்பனையும் ஒரே அரசின் இரண்டு கைகள். எந்தக் கை பலமானது என்று சொல்லத் தேவையில்லை.

கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் சாராயம் காய்ச்சுவதாகப் பெயர் வாங்கிய கல்வராயன் மலையில் சாலையும் மருத்துவமனையும் வேலையும் என்ன நிலையில் இருக்கின்றன என்ற கேள்வியைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்தது. அறுபது உயிர் போன பிறகு.

கடமலைக்குண்டில் என்ன செய்யலாம்?

புதிதாகக் கோடிகளில் ஒரு மையம் கட்ட வேண்டும் என்று நினைக்கவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-லிருந்து பிரஷருக்கும் சுகருக்கும் வீடு தேடி மாத்திரை போகிறது. அதே ஆள் குடிப்பழக்கம் பற்றியும் நான்கு கேள்வி கேட்கலாம். கை நடுக்கம் தொடங்கியவரை அன்றே கீழே இறக்க வாகனமும், கூட வருபவருக்குக் கூலி இழப்புக்கு ஈடும் கொடுக்கலாம். பழங்குடிக் குடியிருப்புகளுக்காகத் தமிழக அரசு 1,000 கோடி ரூபாயில் அறிவித்த 'தொல்குடி' திட்டத்தில் இதற்கு ஒரு சிறு பங்கு ஒதுக்குவது பெரிய விஷயம் இல்லை. பளிய இளைஞர்கள், முக்கியமாகப் பெண்கள், சிலருக்குப் பயிற்சியும் மாதச் சம்பளமும் கொடுத்தால், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவரோடு அடுத்த ஒரு வருடம் நிற்க ஆள் இருக்கும். முகாம் போடுவதானால் தேன் சீசன் முடிந்த பிறகு போடலாம். தேதியை அவர்களே சொல்லட்டும். பளிச்சியம்மன் முன்னால் சத்தியம் செய்ய வேண்டுமா, சாமியாடியைக் கூப்பிட வேண்டுமா என்பதெல்லாம் டாக்டரோ கலெக்டரோ முடிவு செய்கிற விஷயமே இல்லை.

பண்பாடு என்ற பெயரில் ஏமாற்றும் நடக்கும். மூலிகை வைத்தியம் என்று போர்டு மாட்டி, சாப்பாட்டில் தெரியாமல் மருந்து கலந்து கொடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அடித்துத் திருத்தும் 'மறுவாழ்வு இல்லங்கள்' பற்றிய செய்திகளையும் படித்திருப்பீர்கள். 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் மது, போதை தொடர்பான மனநிலைப் பாதிப்புகளும் அடங்கும். எனவே இப்படிப்பட்ட மையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும், அங்கே இருப்பவரை மனிதத்தன்மையற்று நடத்தக் கூடாது.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர்களிலோ தினமும் அதிகமாகக் குடிக்கிற ஒருவர் நிறுத்த நினைத்தால், டாக்டரைப் பார்க்காமல் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் எண் 14416, தமிழில் பேசலாம்.